இரண்டாம் கிழமை

ரெண்டு கிழமை, ரெண்டு உறை.
ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் மாவு.
எது எதென்று எனக்கும் சொல்லவில்லை,
ஊசி குத்துகிற வில்பிரட் அண்ணனுக்கும் சொல்லவில்லை.
டொக்டர் ஸிஹானா மேசை லாச்சியைப் பூட்டித்
திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டா.

கல்லடித் தபால் கந்தோரில் முத்திரை கிழிக்கிறவள் நான்.
விடியப்புறம் கடற்கரையில் ஓடுகிறவள் என்பதால்
"நல்ல இதயம், வாங்க" என்றார்கள்.
நல்ல இதயம்.
அதைப் பற்றி வேறு கதை சொல்லக்கூடிய ஒருவர்
செங்கலடியில் இருக்கிறார்.

ஓடுகிற பட்டி மூன்று நிமிடத்துக்கு ஒருக்கால்
இன்னும் கொஞ்சம் நிமிரும்.
முழங்கை மடிப்பில் செருகிய குழாயால்
படிக்குப் படி ரத்தம்:
ஊதா மூடிச் சின்னக் குப்பி, உடனே ஐஸ்,
வாடியில் இறால் அடுக்குகிற அதே ரெஜிபோம் பெட்டி.
நாடி காட்டும் திரை சுவரைப் பார்த்திருந்தது.

முதல் கிழமை கால்கள் ஈரமணல்.
பதினோராம் நிமிடமே கையைத் தூக்கிவிட்டேன்.
முந்தின இரவு கரண்ட் இல்லை, நித்திரை இல்லை,
அதுதான் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் கிழமை பதினாறு நிமிடம். நல்ல நித்திரை.
முகத்தைத் துடைத்துக்கொண்டு
கன்ரீனுக்குப் போனேன், ஒரு பிளேன்ரீக்கு.
வரிசையில் எனக்கு முன்னுக்குப் பேரின்பராசா.

ஆறு வருசம்.
அதே பிடரி, இடது காதுக்குக் கீழே அதே மறு.
கிறுகினார். "என்ன கா, சுகமா?"
"சுகம்." சில்லறை எண்ணினேன்.
அவர் தோளில் ஒரு பிள்ளை தூங்கியது,
வீணீர் சட்டையில் வழிய.

ஒன்றும் நடக்கவில்லை.
ஒரு காலம் அந்த மோட்டர்சைக்கிள்
ஒழுங்கை முனையில் திரும்பினாலே
கழுத்து வரைக்கும் ஏறித் துடித்தது
பங்குனி மத்தியான வாவி மாதிரிக் கிடந்தது.
ஆகா, இதுதான் மருந்துக் கிழமை!
இந்த மாத்திரைக்கு ஒரு கோயில் கட்டலாம்.
பாமசியில் என்ன விலை என்றுகூட விசாரித்தேன்.

மறுகா ஒரு மாதத்தால் லாச்சி திறந்தது.

டொக்டர் தாளை என் பக்கம் திருப்பினா.
முதல் கிழமை: மருந்து.
நாடி நூற்றுப் பதினாறைத் தாண்டவேயில்லை.
ஆனால் அதே பதினோராம் நிமிடத்தில்
அட்ரினலின் கோடு மட்டும்
மற்றக் கிழமையைவிட இரண்டு மடங்கு உசந்து நின்றது.
"இதயத்தின் கதவை நாங்கள் அடைத்துவிட்டோம்" என்றா.
"தட்டுகிறவனுக்கு அது தெரியாதே,
இன்னும் பலமாகத் தட்டுகிறான்.
வாங்க ஆளில்லாத செய்தி
ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டு திரியும்."
அதைக் கந்தோரிலேயே கண்டிருக்கிறேன்:
முகவரியில் ஆளில்லை என்று திரும்பினவை,
பின் அறைச் சாக்கில், வாய் கட்ட முடியாமல்.

இரண்டாம் கிழமை: மாவு.

மாவு.
அப்ப கன்ரீனில் நின்றது
என்னுடைய இதயம்தான், தன்பாட்டில்.

சந்தோசப்பட்டேனா, தெரியாது.
எதையோ களவு கொடுத்த மாதிரியும் இருந்தது.
சைக்கிளைப் பாலத்தில் ஏற்றினேன், எதிர்க்காற்று.
நடுவில் நிறுத்திக் கழுத்தில் இரண்டு விரல் வைத்தேன்.
கீழே ஒருவன் தோணியில் வலை உதறினான்.
நூற்றி நாற்பத்தெட்டு.
பாலம் ஏறினதுக்கு அது சரிதான்.

வீட்டில் அரிசி கழுவும்போதுதான் பொறி தட்டியது.
நான் சில்லறை எண்ணிய அந்த நேரம்
வில்பிரட் அண்ணன் பெட்டிக்கு மூடி போட்டுவிட்டார்.
என் முழங்கையில் பஞ்சும் பிளாஸ்ரரும்.
யாரும் ரத்தம் எடுக்கவில்லை.